கிருமியால் போர் செய்தால் என்ன பிழை?

இந்தக் கிழமை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தவர்; மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கடிதம் நீளமானது. சாரத்தை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"டொக்டர், என் பெரியம்மாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் கேட்டார்: 'குண்டு விழுந்து கைகால் சிதறிச் சாகிறதைவிட, எதிரியை ஒரு கிழமை காய்ச்சலில் படுக்க வைக்கிற கிருமி எவ்வளவோ இரக்கம் இல்லையா? ஆளும் சாகவில்லை, வீடும் உடையவில்லை. அதை மட்டும் ஏன் உலகம் தடை செய்து வைத்திருக்கிறது?' அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். 'எங்கட சண்டையில ஆஸ்பத்திரிக்கே ஷெல் விழுந்தது. அப்ப சட்டம் எங்க போனது?' என்றார். எனக்கு வாயடைத்துப் போனது. பிழை என்று மனம் சொல்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்களோ, 2017இல் கிண்ணியாவில் வந்த டெங்கு யாரோ திட்டம் போட்டுப் பரப்பியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைசியாக ஒன்று. நான் படித்து முடித்து எங்காவது ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், என் வேலை ஆயுதத்துக்குப் போகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அண்ணாவின் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1960களில் அமெரிக்காவில் படித்த, பதவியில் இருந்த ஆட்களே இதைச் சொன்னார்கள். கொல்லாமல் சில நாள் படுக்கையில் போடுகிற கிருமிகள் இருக்கின்றன, அவற்றை வைத்து இரத்தம் சிந்தாமல் போரை வெல்லலாம் என்று வாதாடினார்கள். அதற்கென்று வேலைத்திட்டமும் ஆய்வுகூடங்களும் வைத்திருந்தார்கள். ஆகவே இது கெட்ட மனதில் இருந்து மட்டும் வருகிற கேள்வி இல்லை. நல்ல மனதோடு கேட்பவரும் வழுக்கி விழுகிற இடம் இது.

வழுக்கல் எங்கே என்றால், "ஒரு கிழமைக் காய்ச்சல்" என்று சொல்லும்போது அது யாருடைய காய்ச்சல் என்பதை நாம் கேட்பதில்லை. முகாமில் இருக்கிற இருபத்திரண்டு வயதுச் சிப்பாய், நன்றாகச் சாப்பிடுகிறவன், தடுப்பூசி போட்டவன், பக்கத்திலேயே படை வைத்தியர் இருக்கிறார். அவன் ஒரு கிழமையில் எழும்பி நடந்துவிடுவான். அதே கிருமி முகாம் வேலிக்கு வெளியே வந்தால் எட்டு மாதக் கைக்குழந்தைக்குப் போகும். ஏழு மாதக் கர்ப்பிணிக்குப் போகும். சீனி வருத்தத்தோடு இருக்கிற அம்மம்மாவுக்குப் போகும், கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிற மனிதருக்குப் போகும். அவர்களுக்கு அது ஒரு கிழமைக் காய்ச்சல் இல்லை. துவக்குத் தூக்கியவனை எழுப்பிவிட்டு, துவக்கைத் தொட்டே பார்க்காதவர்களைத் தேடித் தேடிக் கொல்கிற ஆயுதம் இது. போரில் யாரைக் கொல்லலாம், யாரைத் தொடக்கூடாது என்று மனிதர் எத்தனையோ காலமாகக் கட்டி வைத்த ஒழுங்கை இது அப்படியே தலைகீழாக்குகிறது.

கிண்ணியாவை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2017 மார்ச்சில் அங்கே டெங்கு ஏறியபோது நாங்கள் கண்டதை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். கட்டில் போதாமல் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், தாழ்வாரத்தில் பாய். ஆய்வுகூடத்து மேசையில் ஊதா மூடி போட்ட இரத்தக் குழாய்கள் தட்டுத் தட்டாக வந்து குவியும். டெங்குவில் ஒரு தரம் பார்த்தால் போதாது. சில மணிக்கொரு தரம் இரத்தச் செறிவு பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் விட்ட கையோடு பிள்ளை இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். அப்போது எங்களுக்கு மின்சாரம் இருந்தது. பாதை திறந்திருந்தது. வேறு மாவட்டங்களில் இருந்து வைத்தியர்களும் தாதியரும் வந்தார்கள். நாட்டில் சமாதானம் இருந்தது. அப்படியிருந்தும் உயிர்கள் போயின. அந்த வருடம் நாடு முழுக்க 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது. இதே நிலைமை 1990இலோ 2006இலோ, சோதனைச்சாவடியும் ஊரடங்குமாக இருந்த நாட்களில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "ஆள் சாகாத ஆயுதம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஆஸ்பத்திரி ஒழுங்காக இயங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். போர் நடக்கிற ஊரில் முதலில் இயங்காமல் நின்றுபோவதே ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது, போர் முடிகிற விஷயம். 1942ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு போட்டது உங்களுக்குத் தெரியும். துறைமுகம் அடிபட்டது, சீனக்குடா அடிபட்டது, எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்து உருகிய இரும்பாக இன்றும் அங்கே கிடக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் போர் மயானத்தில் அந்தப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கொடுமைதான். ஆனால் விமானம் திரும்பிப் போனது, தீ அணைந்தது, சனங்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

அதே 1942இல் ஸ்கொட்லாந்துக் கரையோரம் குருயினார்ட் என்ற சின்னத் தீவில் பிரித்தானிய விஞ்ஞானிகள் செம்மறி ஆடுகளைக் கட்டிவைத்து, அந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமி அடைத்த குண்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் குண்டை அவர்கள் போரில் போடவே இல்லை. சோதனைதான். அதற்கே அந்தத் தீவில் மனிதர் கால் வைக்கத் தடை வந்தது. ஹிட்லர் செத்தான், பிரித்தானியா தன் சாம்ராச்சியத்தை விட்டுக்கொடுத்தது, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. தீவு மூடியபடியே இருந்தது. 1986இல் கடல் நீரில் போர்மலின் என்ற கிருமிநாசினியைக் கலந்து நிலத்தை நனைத்துச் சுத்தம் செய்து, 1990இல்தான் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். 48 வருடம். போர் நிறுத்தம் என்று ஒரு தளபதி கையெழுத்து வைத்தால் சிப்பாய் துவக்கைக் கீழே வைப்பான். மண்ணுக்குள் சாகாமல் உறங்கிக் கிடக்கிற அந்த்ராக்ஸ் கிருமியின் வித்துக்கு யார் கட்டளை அனுப்புவது?

அதே வருடம் சீனாவிலும் ஒன்று நடந்தது. ஜப்பானிய இராணுவத்தின் 731ஆம் பிரிவு ஹார்பின் நகரத்துக்குப் பக்கத்தில் பிங்ஃபாங் என்ற இடத்தில் இருந்தது. அதன் தலைவர் இஷீ ஷிரோ ஒரு வைத்தியர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: வெறும் தளபதி இல்லை, வைத்தியர். அங்கே உயிருள்ள கைதிகளுக்குக் கிருமி ஏற்றி, நோய் எப்படிப் போகிறது என்று குறிப்பெடுத்தார்கள். அந்தச் சோதனைகளில் குறைந்தது 3,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கு. 1940இல் நிங்போ நகரத்தின் மேல் பிளேக் தொற்றிய தெள்ளுகளைத் தூவினார்கள். 1942இல் செஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் கிருமிகளைப் பரப்பியபோது அவர்களுடைய சொந்தப் படையே அந்த நோயில் விழுந்தது. எங்கள் பக்கத்திலும் இதற்குக் கிட்டவான ஒரு சம்பவம் பதிவில் இருக்கிறது. அது கிருமி இல்லை, வாயு. 1990 ஜூனில் மட்டக்களப்பு கிரான் இராணுவ முகாம் மீது புலிகள் குளோரின் விட்டபோது காற்று திரும்பி அவர்கள் பக்கமே வந்தது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். எங்கள் பக்கம் செய்தது என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது.

இஷீக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. அந்தச் சோதனைக் குறிப்புகளைத் தங்களிடம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கர்கள் அவரை வழக்கில்லாமல் விட்டார்கள். 1949 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கபரோவ்ஸ்க் நகரத்தில் பன்னிரண்டு ஜப்பானியர்களை விசாரித்துத் தண்டித்தது. இஷீ அதில் இல்லை. 1959இல் நோயில் இறந்தார்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் விளைவுகள்: யாரைக் கொல்லும், எவ்வளவு காலம் இருக்கும், எந்தப் பக்கம் திரும்பும். உங்கள் அண்ணா கெட்டிக்காரர் என்றால், "சரி, துல்லியமாகச் சிப்பாய்க்கு மட்டும் தொற்றுகிற, ஏழு நாளில் தானாகச் சாகிற கிருமி ஒன்று செய்தால்?" என்று கேட்பார். அப்படி ஒன்று கையில் இருந்தாலும் அது பிழைதான் என்று நான் சொல்வேன். காரணம் இது.

எங்கள் போரில் 1995 தொடக்கம் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகத் துவக்குகள் மௌனமான நாட்கள் இருந்தன. யுனிசெப் நடுவில் நின்று பேசியது. அரசாங்கமும் ஒத்துக்கொண்டது, புலிகளும் ஒத்துக்கொண்டார்கள். உங்களுக்கு அது நினைவிருக்க வயதில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள். சொட்டு மருந்து வெப்பம் தாங்காது. நீலப் பெட்டிக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு போகவேண்டும். சோதனைச்சாவடியில் ஒவ்வொரு பொருளையும் கிளறிப் பார்க்கிற காலம் அது. ஆனால் அந்த நாளில் பெட்டியைக் கிளறினால் ஐஸ் கரையும், மருந்து பழுதாகும் என்று சிப்பாய்க்கும் சொல்லியிருந்தார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கம் போன குடும்பநல உத்தியோகத்தரின் பெட்டி இந்தப் பக்கச் சாவடியையும் தாண்டியது, அந்தப் பக்கச் சாவடியையும் தாண்டியது. இரண்டு பக்கத்திலும் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டது 1993இல். சண்டை அதற்குப் பிறகு 2009 வரை நடந்தது, போலியோ திரும்பி வரவில்லை. அந்தப் போரில் எத்தனையோ தோற்றுப்போயின. இது தோற்கவில்லை.

இது எப்படி நடந்தது? நோய் இரண்டு பக்கத்துக்கும் பொது எதிரி என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். போர் நடக்கும்போதும் மிச்சம் இருந்த பொது நிலம் இது ஒன்றுதான். கிருமியை ஆயுதமாக்குவது அந்த நிலத்தையும் போர்க்களமாக்குகிறது. அதற்குப் பிறகு குளிர்ப்பெட்டியோடு வருகிற பெண்ணை யார் நம்புவார்? அந்தச் சொட்டு மருந்துக்குள் எதிரி என்ன கலந்தானோ என்று ஒரு தாய் நினைத்தால் அவளைப் பிழை சொல்ல முடியுமா? இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச யுனிசெப்புக்கு வாய் வருமா?

நான் பயப்படுவது கற்பனைக்கு இல்லை. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லாடனின் இருப்பிடத்தை உறுதிப்படுத்த அமெரிக்க உளவுத்துறை ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் நோய்க்கான தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் ஆட்களை அனுப்பியது. அங்கே யாருக்கும் கிருமி கொடுக்கவில்லை. தடுப்பூசியின் பெயரை மட்டும் இரவல் வாங்கினார்கள். செய்தி வெளியானபின் போலியோ ஊழியர்கள் மேல் இருந்த சந்தேகம் பல மடங்கானது. 2012 டிசம்பர் தொடக்கம் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களையே சுட்டுக் கொன்றார்கள். 2014இல் வெள்ளை மாளிகை இனி எந்தத் தடுப்பூசித் திட்டத்தையும் உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. பெயரை இரவல் வாங்கியதற்கே இவ்வளவு விலை. நோயையே ஏவினால் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

புறநானூற்றில் ஒன்பதாம் பாட்டு உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும். அம்பு விடப்போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் இன்னும் பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று போருக்கு முன் அறிவிக்கிற அரசனைப் பாடுகிறது. அந்தக் காலத்து அரசர்கள் எல்லோரும் தருமவான்கள் என்று சொல்லவரவில்லை. எதிரியின் வயலுக்கு நெருப்பு வைத்ததையும் சங்கப் பாட்டுத்தான் பாடுகிறது. ஆனால் நோயாளியை ஒதுக்கிவிட்டுத்தான் சண்டை என்று ஒரு எண்ணமாவது இருந்திருக்கிறது. ஒதுக்கவேண்டிய ஆளையே உற்பத்தி செய்கிற ஆயுதத்தை அந்த எண்ணத்துக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சட்டம் எங்கே போனது என்ற கேள்விக்கு வருவோம். அந்தக் கேள்விக்குள் வலி இருக்கிறது, அதை மதிக்கிறேன். வன்னியில் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிகள் மேல் ஷெல் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதி வைத்திருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் அண்ணாவால் இன்றைக்கு அதை ஓர் அநியாயம் என்று கோபத்தோடு சொல்ல முடிகிறது, உலகத்தில் எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் கேட்கிறவருக்கு விளங்குகிறது. ஆஸ்பத்திரியைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு இருப்பதால்தான் அது முடிகிறது. கோட்டைத் தாண்டினார்கள் என்பதற்காகக் கோட்டையே அழித்துவிட்டால் நாம் எதை வைத்து நியாயம் கேட்பது?

கிருமி ஆயுதத்துக்கான கோடு இரண்டு தரம் போடப்பட்டது. 1925இல் ஜெனீவா நெறிமுறை போரில் அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தது, வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. எதிரி முதலில் போட்டால் நாங்களும் போடுவோம் என்று பல நாடுகள் விலக்கு எழுதிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தன. 1969 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தன் நாட்டின் கிருமி ஆயுதங்களை அழிப்பதாக அறிவித்தார். அடுத்தவன் விடட்டும் அதற்குப் பிறகு நான் விடுகிறேன் என்று காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1972இல் உயிரியல் ஆயுத உடன்படிக்கை வந்தது: செய்வது, சேர்த்து வைப்பது, கைமாற்றுவது எல்லாமே தடை. 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1986இல் உறுதி செய்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

குறை என்னவென்றால் சோதனை போட ஆள் இல்லை. இரசாயன ஆயுதங்களுக்கு ஹேக் நகரத்தில் பரிசோதகர்களோடு ஒரு பெரிய அமைப்பு இயங்குகிறது. கிருமி ஆயுத உடன்படிக்கைக்கு ஜெனீவாவில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற அலுவலர்களோடு ஒரு சிறு பிரிவு. பரிசோதனை முறை ஒன்றை எழுதும் பேச்சுவார்த்தை பல வருடம் நடந்து 2001இல் அமெரிக்கா மறுத்ததோடு முறிந்தது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கொவிட்டைக் கண்ட பிறகும் உலகம் இதற்குக் காசு ஒதுக்கத் தயங்குகிறது.

ஆய்வுகூடத்துக்குப் போகப்போகிற உங்களுக்கு இந்தக் குறையிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. சோவியத் ஒன்றியம் 1972இல் கையெழுத்து வைத்தது மட்டும் இல்லை, உடன்படிக்கையைப் பாதுகாத்து வைக்கும் மூன்று நாடுகளில் ஒன்று. கையெழுத்தின் மை காயமுன்னமே இரகசியமாகப் பெரிய கிருமி ஆயுதத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழிப்போம் என்று 1958இல் உலக சுகாதார மாநாட்டில் முன்மொழிந்ததும், அதற்குக் கோடிக்கணக்கில் தடுப்பு மருந்து இலவசமாகக் கொடுத்ததும் இதே நாடுதான். ஒரே நாட்டுக்குள், ஒரே தலைமுறை விஞ்ஞானிகளுக்குள், இரண்டும் நடந்தன.

1979 ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தின் இராணுவக் கட்டடம் ஒன்றிலிருந்து அந்த்ராக்ஸ் வித்துகள் காற்றில் கசிந்தன. காற்று போன திசையில் ஒரு ஒடுங்கிய பட்டையில் இருந்தவர்கள் செத்தார்கள். குறைந்தது 66 பேர். அரசாங்கம் பழுதான இறைச்சியால் வந்தது என்று சொன்னது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை உளவுத்துறை அள்ளிக்கொண்டு போனது. ஆனால் இறந்தவர்களை அறுத்துப் பார்த்த இரண்டு நோயியல் வைத்தியர்கள், ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்கும், திசுத் துண்டுகளையும் கண்ணாடித் தகடுகளையும் குறிப்புகளையும் ஒளித்து வைத்தார்கள். இறைச்சி தின்று வந்திருந்தால் குடலில்தான் முதலில் தெரியவேண்டும். அவர்கள் கண்டதோ நெஞ்சறைக்குள், நுரையீரலுக்கு நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களில் இரத்தக் கசிவு. மூச்சில் போன கிருமி என்று அந்தத் தகடுகளே சொல்லும். பதினான்கு வருடம் கழித்து, 1993இல், 42 பேரின் பரிசோதனை முடிவுகளை உலகத்துக்கு வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தப் போத்தல்களை வைத்திருந்ததற்கு அவர்களுக்கு என்ன நடந்திருக்கக்கூடும் என்று யோசியுங்கள். போர்மலின் மணக்கிற ஒரு அறையில், வேறு யாரும் பார்க்காத இடத்தில், மாதிரியை அழிக்காமல் விடுவதும் ஒரு வீரம்தான். நீங்கள் போகிற தொழிலில் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

சரி, உங்கள் வேலை ஆயுதத்துக்குப் போகாது என்று எப்படித் தெரியும்? கிருமியின் பெயரை வைத்துத் தெரியாது. மெலியோடோசிஸ் என்று ஒரு வருத்தம் இருக்கிறது. எங்கள் கிழக்கு மாகாணத்து வயல் மண்ணிலும் சேற்றிலும் அதன் கிருமி வாழ்கிறது. மழைக் காலத்தில், சீனி வருத்தம் உள்ள கமக்காரர் ஒருவர் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக வருவார். சாதாரண மருந்துக்குக் கேட்காது. இரத்தத்தில் இருக்கிற கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் இதுதான். இலங்கையில் இதை முதலில் பதிவு செய்தது 1927இல். இதே கிருமி அமெரிக்காவில் ஆயுதமாகக்கூடியவற்றின் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்றை முதலாம் உலகப் போரிலேயே ஜேர்மன் உளவாளிகள் எதிரியின் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொல்லப் பயன்படுத்தினார்கள். ஆகவே நீங்கள் அந்தக் கிருமியை ஒரு தட்டில் வளர்க்கும்போது அது ஆயுத வேலையா? இல்லை. வயலில் நின்ற மனிதருக்குச் சரியான மருந்தைக் கொடுப்பதற்காக வளர்க்கிறீர்கள்.

உடன்படிக்கையும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. எந்தக் கிருமி என்று பட்டியல் போடவில்லை. நோயைத் தடுக்க, பாதுகாக்க, அல்லது வேறு சமாதான நோக்கத்துக்குத் தேவையான வகையும் அளவும் மட்டும் என்கிறது. நோக்கமும் அளவும். இவை இரண்டையும் நீங்கள் கேட்கலாம். எந்த நோயாளிக்காக இது? இவ்வளவு எதற்கு? பதில் நேராக வரவேண்டும். மூன்றாவதாக நான் சேர்ப்பது, இதை வெளியே சொல்லலாமா என்பது. நோயாளியின் பெயரை மறைப்பது வேறு; செய்கிற வேலையையே மறைப்பது வேறு. உயிர்ப்பாதுகாப்புக் குழு பார்க்காத, வெளியிடவே கூடாது என்று சொல்கிற, காசு எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு வேலையில் நல்ல சம்பளம் கிடைத்தாலும் சேராதீர்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால் எழுதி வையுங்கள், திகதியோடு. உலக மருத்துவ சங்கம் 2002இலேயே வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் கிருமி ஆயுதத்துக்குத் துணை போகக்கூடாது என்று வாஷிங்டனில் பிரகடனம் செய்திருக்கிறது. உங்களுக்கு மேலே இருக்கிறவரிடம் அதைக் காட்டிப் பேசலாம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. 2001இல் அமெரிக்காவில் தபாலில் வந்த அந்த்ராக்ஸ் பொடியால் ஐந்து பேர் செத்தார்கள். விசாரணையின் முடிவில் சந்தேகம் போய் நின்றது அந்த்ராக்ஸுக்கு எதிரான பாதுகாப்பு ஆராய்ச்சி செய்த இராணுவ ஆய்வுகூடத்து விஞ்ஞானி ஒருவரில். வழக்குப் போடமுன் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாதுகாப்புக்கு என்று திறந்த கதவால் வேறு ஏதும் வெளியே போகலாம். அதனால்தான் யாரோ ஒருவருடைய நல்ல மனதை மட்டும் நம்பாமல் இரண்டு பேர் கையெழுத்து, பூட்டு, பதிவேடு என்று ஆய்வுகூடத்தில் கரைச்சல் கொடுக்கிறோம். அந்தப் பதிவேட்டை நிரப்ப அலுப்புப் படாதீர்கள்.

கிண்ணியா டெங்கு பற்றி. யாரும் பரப்பவில்லை. டெங்கு எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2017இல் நாடு முழுக்க ஏறியதற்கு ஒரு காரணம், பல வருடமாகக் குறைந்திருந்த, டெங்கு வைரஸின் இரண்டாம் வகை திரும்பி வந்தது. அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மிச்சத்தைத் தண்ணீர்த் தாங்கிகளும் மூடாத கிணறுகளும் வீசியெறிந்த யோகட் கோப்பைகளும் அள்ளப்படாத குப்பையும் செய்தன. ஒரு நோய் வேண்டுமென்று பரப்பப்பட்டதா என்று சந்தேகம் வந்தால் பார்க்கிற முறை இருக்கிறது: அந்த இடத்தில் வரக்கூடாத நோயா, பருவம் தப்பி வந்ததா, நோயாளிகள் விழுந்த விதம் இயற்கையாகப் பரவுவதோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். ஸ்வெர்ட்லோவ்ஸ்க்கில் அப்படிப் பார்த்துத்தான் உண்மை தெரிந்தது. கிண்ணியாவில் அப்படி ஒன்றும் இல்லை.

பெரியவர்கள் அப்படி நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கண்ட காலம் அப்படி. ஆனால் ஆதாரமில்லாமல் "அவன் பரப்பினான்" என்று சொல்வதும் நான் மேலே சொன்ன பொது நிலத்தைத்தான் அரிக்கிறது. கொவிட் காலத்தில் கண்டோம். கிருமி நிலத்தடி நீருக்குப் போய்விடும் என்று சொல்லி, 2020 ஏப்ரலில் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது. அதற்குள் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் வாப்பாவின் உடலை, உம்மாவின் உடலை எரிக்கக் கொடுத்தார்கள். பயந்துபோய்க் காய்ச்சலை மறைத்தவர்களும் இருந்தார்கள். வீட்டில் இந்தக் கதை வந்தால் சண்டை பிடிக்காமல், வாளியையும் கிணற்றையும் மூடச் சொல்லுங்கள். மூடுகிற கை மூடிக்கொண்டே கேட்கும், அப்போது மெல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, கம்பஸ் தொடங்கமுன் செய்யவேண்டிய ஒன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கிறீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அந்த நோய் இரத்தத்தால் தொற்றும்; நோயாளியின் இரத்தம் எடுத்த குழாயைக் கையில் எடுக்கமுன் தடுப்பூசி முடிந்திருக்கவேண்டும்.